மின்சங்கிலி வாளின் இயல்பும் காப்பும்

மரம் அறுக்கும் சங்கிலி வாள்களுள் மின்சாரத்தால் இயங்குவதே இளையது என்று பலரும் எண்ணுகின்றனர். பெட்ரோல் வாளுக்கு வலுக்குறைந்த மாற்று என்றே கடைக்காரரும் அதனை அறிமுகம் செய்கின்றனர். வரலாறு வேறு சொல்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முதல் சங்கிலி வாள் மின்னோடியால் இயங்கியது. இருவர் இரு முனைகளிலும் பற்றினாலன்றி அதனைத் தூக்க இயலாது. அடுத்த ஆண்டில் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா மாநிலத்து டோல்மர் மலையில் பெட்ரோல் வாள் ஒன்றை இயக்கிக் காட்டினார். அம்மலையின் பெயரே பின்னர் அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. 1929இல் ஸ்டீலும் பெட்ரோல் வாளைச் செய்தார். காட்டுக்குள் மின்கம்பி செல்லாது. ஆகவே காடு பெட்ரோலுக்கு உரியதாகி, மின்வாள் மரக்கிடங்குகளிலும் பட்டறைகளிலும் ஒதுங்கி நின்றது. லித்தியம் மின்கலம் வந்த பிறகு அது தோட்டத்துக்கும் வீட்டுக்கொல்லைக்கும் பரவலாக வந்து சேர்ந்தது.

சங்கிலியால் அறுக்கும் கருத்து இதனினும் பழையது. அது அறுத்த முதற்பொருள் மரமும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரி ஆகியோர் எலும்பு அறுக்க மென்சங்கிலி வாளைக் கையாண்டனர். மகப்பேறு தடைப்பட்ட வேளையில் இடுப்பெலும்பின் மூட்டைப் பிரிப்பதும் அதன் பயன்களுள் ஒன்று. 1830இல் வூர்ட்ஸ்புர்க் நகரத்து பெர்ன்ஹார்ட் ஹைனே கைப்பிடியைச் சுழற்றினால் தகட்டைச் சுற்றி ஓடும் பற்சங்கிலியை எலும்பறுவைக்கென்றே அமைத்தார். தகடு, அதனைச் சுற்றும் முடிவிலாச் சங்கிலி, சங்கிலியை ஓட்டும் சக்கரம் என்னும் இன்றைய வாளின் மூன்று உறுப்புகளும் அப்போதே கூடிவிட்டன. எலும்பை எளிதில் அறுப்பதற்காகப் பிறந்த கருவி என்பதை மரம் அறுக்க அதனைக் கையில் எடுப்போர் அறிந்திருப்பது நன்று.

நம் ஊர்களில் ‘செயின் சா’ என்றும் ‘பவர் சா’ என்றும் வழங்கும் இக்கருவியின் மின்வகையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியுள்ளது. ஓசை குறைவு, புகை இல்லை, கனம் குறைவு. ஆகவே இடரும் குறைவு என்பதே அது. இம்முடிவு பிழையானது. ஊறு செய்வது சங்கிலியே. அதனை ஓட்டுவது பெட்ரோலா மின்சாரமா என்பதைத் தசை அறியாது. மின்னோடிக்கே உரிய சில இயல்புகள் இடரைக் கூட்டுகின்றன என்பதையும் கீழே காணலாம்.

சங்கிலியை முதலில் நோக்குவோம். வாளை மேசைமேல் கிடத்தி, மின்தொடர்பை அகற்றி, கையுறையணிந்த விரலால் சங்கிலியை மெல்ல நகர்த்தினால் அதன் அமைப்பு விளங்கும். தகட்டின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுபவை ஓட்டுக்கண்ணிகள். பற்சக்கரம் பற்றி இழுப்பது இவற்றையே. இவற்றை இணைப்பவை பக்கக்கண்ணிகள். இடையிடையே இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறி மாறி வெட்டுப்பற்கள் அமைந்துள்ளன. 16 அங்குலத் தகட்டில் பொதுவாக 56 ஓட்டுக்கண்ணிகளும் 28 வெட்டுப்பற்களும் இருக்கும். சங்கிலியின் முழுநீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே கூர்மையற்ற சிறு திமில் ஒன்று நிற்கிறது. புதிதாய்க் காண்போர் அதனைத் தேய்ந்துபோன பல் என்று கருதுவதுண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுப்பதே அதன் பணி. தச்சரின் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவே மரம் சீவப்படுவதுபோல, திமிலின் உச்சிக்கும் வெட்டுவாய்க்கும் இடையிலுள்ள உயர வேறுபாடே ஒரு பல் எடுக்கும் செதிலின் தடிப்பு. அவ்வேறுபாடு பெரும்பாலான வீட்டு வாள்களில் 0.6 மில்லிமீட்டர் அளவே. ‘வேகமாக அறுக்கட்டும்’ என்று திமிலை மிகுதியாய் அராவிவிட்டால் பல் மரத்தை அளவுக்கு மேல் கடிக்கும், வாள் துள்ளும், மின்னோடி திணறும். பின்னுதைப்பு என்னும் பேரிடருக்கும் அது வாயில் திறக்கும்.

இப்பல்லின் வடிவம் தோன்றிய கதை அறிவியல் வரலாற்றில் இன்பம் தரும் பகுதிகளுள் ஒன்று. 1940கள் வரை சங்கிலியின் பற்கள் கைவாளின் பற்களைப் போலவே நேராய் நின்று மரத்தைக் கீறின. அவை விரைவில் மழுங்கின. அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் பியூஃபோர்டு காக்ஸ் 1946இல் ஓர் அடிமரத்தில் வண்டுப்புழு ஒன்று மரத்தைத் தின்பதைக் கண்டார். நாரின் போக்கிலும் குறுக்கிலும் அது ஒரே எளிமையுடன் துளைத்துச் சென்றது. அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாய் மாறி மாறி மரத்தைச் செதுக்குவதை அவர் உற்றுநோக்கினார். அதே அமைப்பை எஃகில் ஆக்க முயன்று, இட வல வளைபற்கள் கொண்ட சங்கிலியை உருவாக்கினார். 1947 முதல் விற்பனைக்கு வந்த அச்சங்கிலியின் வழித்தோன்றலே இன்று உலகெங்கும் ஓடுகிறது. ஓரிகன் என்னும் பெயரைத் தாங்கிய சங்கிலிகள் நம் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன.

பல் கூராய் இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். கூரிய சங்கிலி செதில் செதிலாய் எறியும். மழுங்கிய சங்கிலி மாவு போன்ற நுண்தூளைக் கொட்டும். வெட்டுவாயில் புகையும் எழும். மழுங்கிய சங்கிலியே இடர் குறைந்தது என்று எண்ணுவோர் உண்டு; உண்மை அதற்கு மாறானது. கூரிய வாள் தன் கனத்தாலேயே மரத்துள் இறங்கும். மழுங்கியதை உடல் வலுவால் அழுத்த வேண்டும். வெட்டு முடியும் கணத்தில் அந்த வலுவெல்லாம் தடையற்றுப் போய், வாள் காலை நோக்கிப் பாயும். தீட்டுவதற்குச் சங்கிலியின் அளவுக்கேற்ற உருட்டு அரம் போதும். வீட்டு வாள்களின் சிறுவகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம் பொருந்தும். உள்ளிருந்து வெளிநோக்கி ஒரே திசையில் அராவ வேண்டும். இடப்பற்களுக்கு எத்தனை முறையோ வலப்பற்களுக்கும் அத்தனை முறை. ஒருபுறம் மிகுந்தால் வாள் நேராய் அறுக்காமல் வளைந்து செல்லும்.

இனி மின்னோடி. கம்பிவழி மின்சாரம் பெறும் வாள்களுள் பெரும்பாலானவற்றில் இருப்பது கரித்தூரிகை கொண்ட பொதுவகை மின்னோடி. நம் சமையலறை மிக்சியில் உள்ளதும் இவ்வகையே. உளுந்து இறுகி மிக்சி திணறும்போது எழும் காந்தல் நெடியை அறியாத இல்லம் இல்லை. வாள் மரத்துள் சிக்கி நிற்கும்போதும் அதுவே நிகழ்கிறது. சுழலும் மின்னோடி தன்னுள்ளேயே எதிர்மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுழற்சி நின்றால் அந்த எதிர்ப்பும் மறைகிறது. மின்னோட்டம் பன்மடங்காகிச் சுருள்களைச் சுடுகிறது. விசையை விட்டு, வாளை வெளியே எடுத்துச் சற்றே ஓட்டிக் குளிரவிடுவதே முறை.

நீட்டுகம்பியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கேடு விளங்கும். 230 வோல்ட்டில் இயங்கும் 2,000 வாட் வாள் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். விளக்குக்கும் விசிறிக்கும் பயன்படும் 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியை 30 மீட்டர் நீட்டினால், போகவும் வரவுமாக 60 மீட்டருக்கு அதன் மின்தடை ஒன்றரை ஓம் அளவாகும். வாளை அடையுமுன்பே 13 வோல்ட் இழப்பு. கம்பியில் எழும் வெப்பம் 100 வாட்டுக்கு மேல். விரித்துக் கிடக்கும் கம்பி அதனைக் காற்றில் கரைத்துவிடும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்சுற்றுகளின் காப்பு உருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இவ்விழப்பு மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கும். மின்மாற்றிக்குத் தொலைவிலுள்ள சிற்றூர்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அங்கே மெல்லிய கம்பி மின்னோடியை மெல்ல எரிக்கும் கருவியாகவே ஆகிவிடும்.

கம்பி உள்ளவிடத்து அதனைச் சங்கிலியே அறுத்துவிடும் இடரும் உண்டு. கம்பியை வலத்தோளின் பின்புறமாய் விட்டு, வெட்டும் திசைக்கு எதிர்ப்புறம் கிடத்துவது பழகியோர் வழக்கம். ஆர்.சி.சி.பி. என்று மின்பணியாளர் குறிப்பிடும் கசிவுத் துண்டிப்பான் இல்லாத இணைப்பில் மின்வாளைப் பொருத்தலாகாது. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தை நொடியின் சிறுபகுதிக்குள் துண்டிக்கும். வாளின் உடலில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்திருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது என்று பொருள். ஆயினும் மழைநீர் உள்ளே புகுந்தால் அந்த இரட்டைக் காப்பும் பயன்படாது. புயல் ஓய்ந்த காலையில் ஈரத்தரையில் கம்பிவாளை இயக்குவதினும் ஒரு நாள் பொறுத்திருப்பது மேல்.

மின்கல வாளில் இக்கம்பித் தொல்லைகள் இல்லை. தூரிகையற்ற மின்னோடி, நிலைக்காந்தச் சுழலி, மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவற்றால் அது திறன் மிக்கது. அதன் எல்லை மின்கலத்தில் உள்ளது. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி மின்கலத்தில் அடங்கும் ஆற்றல் 144 வாட்-மணி. ஒரு கிலோவாட் வீதத்தில் இடையறாது அறுத்தால் அது ஒன்பது நிமிடத்துக்குள் தீரும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உறையும் ஆற்றல் இதனைப்போல் ஏறத்தாழ அறுபது மடங்கு. பெட்ரோல் பொறி அதில் காற்பங்கையே வேலையாக மாற்றுகிறது என்றாலும் இடைவெளி பெரிது. ஆகவே முருங்கைக் கிளையும் வேப்பங்கொம்பும் கழிக்க மின்கல வாள் மிகப் பொருத்தம். வீழ்ந்த புளியமரத்தைத் துண்டாக்க அதனை நம்புவது வீண்.

பெட்ரோல் வாளுக்கும் மின்வாளுக்கும் இடையே காப்பு நோக்கில் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. பெட்ரோல் வாள் உறுமிக்கொண்டே இருக்கும். அது உயிருடன் உள்ளதென அருகில் நிற்பவர் எவரும் அறிவர். மின்வாள் விசையை விட்டதும் முற்றிலும் அடங்கும். அடங்கியதைக் கண்டோர் அணைந்ததாகக் கருதிச் சங்கிலியில் சிக்கிய நாரை விரலால் பறிக்க முனைவர். மின்கலம் செருகியிருக்கும்வரை, கம்பி பொருந்தியிருக்கும்வரை, மறு கை தவறுதலாய் விசையில் படும் ஒரு நொடி போதும். நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தரவல்லது மின்னோடி. பெட்ரோல் பொறியைப்போல் வேகம் ஏறக் காத்திருப்பதில்லை. பூட்டுப் பொத்தானை அழுத்தாமல் விசை இயங்காது என்பது உண்மையே. ஆனால் அப்பொத்தானை நாடா ஒட்டி நிலையாய் அழுத்திவைக்கும் ‘கெட்டிக்காரத்தனத்தை’ நம் பட்டறைகளில் காணாதவர் எவர்? சங்கிலியைத் தொடுமுன் மின்கலத்தைக் கழற்று, கம்பியைப் பிடுங்கு என்னும் விதிக்கு விலக்கே கிடையாது.

இந்த முறுக்குவிசை, காப்புடை பற்றிய நம்பிக்கையையும் அசைக்கிறது. காட்டுப்பணியாளர் அணியும் தொடைக்காப்புகளின் உள்ளே நீண்ட வலிய இழைகள் அடுக்கப்பட்டுள்ளன. சங்கிலி துணியைக் கிழித்ததும் அவ்விழைகள் இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றிச் சங்கிலியை நிறுத்துகின்றன. சங்கிலியின் வேகம் நொடிக்கு 20 மீட்டர், 24 மீட்டர், 28 மீட்டர் என்னும் அளவுகளில் சோதித்து அவற்றை வகைப்படுத்துகின்றனர். பெட்ரோல் வாளில் இழைகள் சிக்கினால் நடுவிலக்கு விசையால் இயங்கும் உரசிணைப்பு நழுவும். இத்தகைய நழுவல் இல்லாத மின்வாளோ வேகம் குறைந்தபின்னும் முழுவிசையுடன் இழுத்துக்கொண்டே இருக்கக்கூடும். கம்பிவழி மின்வாளுக்கு இக்காப்பு பொருந்தாது என்று பல தொடைக்காப்புகளின் ஒட்டுச்சீட்டிலேயே அச்சிட்டுள்ளனர். அதனால் அணிய வேண்டா என்று பொருளன்று. அணிந்துவிட்டோம் என்று துணிய வேண்டா என்பதே பொருள்.

இவ்வாளின் இடர்களுள் தலையாயது பின்னுதைப்பு. தகட்டின் அடிப்புறத்தில் சங்கிலி இயக்குபவரை நோக்கி ஓடுகிறது. மேற்புறத்தில் அவரைவிட்டு விலகி ஓடுகிறது. நுனியின் மேற்காற்பகுதியிலோ அது முன்னும் கீழுமாய் வளைந்து திரும்புகிறது. அவ்விடத்தில் ஒரு பல் மரத்தில் மாட்டினால், சங்கிலி மரத்தை முன்னும் கீழும் தள்ள, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மரம் வாளைப் பின்னும் மேலும் தள்ளுகிறது. அந்த எதிர்விசையின் கோடு வாளின் நிறைமையத்துக்கு மேலாகச் செல்வதால் வாள் பின்னகர்வதோடு நில்லாது சுழலவும் செய்கிறது. சுழற்சியின் திசை இயக்குபவரின் கழுத்தும் முகமும் உள்ள பக்கம். மேலும், நுனியில் சங்கிலி வளையும்போது திமிலும் வெட்டுவாயும் நேர்க்கோட்டில் நில்லாமையால் பல் வழக்கத்தினும் ஆழமாய்க் கடிக்கிறது. ஆழம் குறைந்த கடியால் பிழைத்துவிடலாம் என்னும் வாய்ப்பையும் வடிவியல் தருவதில்லை.

இதன் வேகத்தை மனித உடலின் வேகத்தோடு ஒப்பிட வேண்டும். கண்டதை மூளை உணர்ந்து கை அசைவதற்கு நொடியில் ஐந்திலொரு பங்கேனும் ஆகும். சங்கிலி நொடிக்கு 12 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால் அதற்குள் அது 2.4 மீட்டர் ஓடிவிடும். தகட்டை இருமுறைக்கு மேல் சுற்றிவிடும். அறுபதுக்கும் மேற்பட்ட பற்கள் ஓரிடத்தைக் கடந்துவிடும். பின்னுதைப்போ நொடியில் பத்திலொரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. ‘எச்சரிக்கையாய் இருந்தால் தப்பலாம்’ என்பது இங்கே பொருளற்ற பேச்சு. எச்சரிக்கை உதைப்புக்கு முன்னர் பயன்படும். உதைத்தபின் உதவுபவை கைப்பிடிப்பும் தடைப்பொறியுமே.

இடக்கைக்கு முன்னே நிற்கும் கைக்காப்பு அத்தடைப்பொறியின் நெம்புகோல். வாள் மேலெழும்போது மணிக்கட்டு அதன்மேல் மோதினாலும் தடை விழும்; மோதாவிடினும் காப்பின் சொந்த நிறையே, நிலைமத்தால் பின்தங்கி, பொறியைத் தட்டிவிடும். எஃகுப்பட்டை ஒன்று உருளையை இறுக்க, சங்கிலி 0.15 நொடிக்குள் நிற்க வேண்டும் என்பதே நல்ல தயாரிப்புகளின் அளவு. ஹஸ்க்வர்னா நிறுவனம் 1973இல் தானியங்கு சங்கிலித்தடையைக் கொண்டுவந்தது. விசையை விட்டதும் மின்னோடியின் சுருள்களைக் குறுக்கிணைத்துச் சுழற்சியை அடக்கும் மின்வழி நிறுத்தம் வேறு, இது வேறு. இரண்டும் உள்ள வாளையே வாங்க வேண்டும். முன்காப்பைத் தள்ளினால் சங்கிலி உடனே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன் சோதிக்க வேண்டும். சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் கையடக்கச் சிறுவாள்கள் பலவற்றில் இத்தடைப்பொறியே இல்லை. ஒரு கையால் பிடிப்பதற்கென்றே விளம்பரம் செய்யப்படும் அவற்றை நான் எவர்க்கும் பரிந்துரையேன். மறு கை கிளையைப் பற்றியிருக்கும்போது அவை விரலைத் தேடி வரும்.

பிடிக்கும் முறையும் இயற்பியலின் வழிப்பட்டதே. வலக்கை பின்பிடியில், விசையின்மேல். இடக்கை முன்பிடியில், கட்டைவிரல் பிடியின் அடியாகச் சுற்றியிருக்க வேண்டும். கட்டைவிரலை மேலே வைத்தால் உதைக்கும் கணத்தில் பிடி நழுவும். இடக்கைப் பழக்கமுள்ளோரும் இவ்வாறே பிடிக்க வேண்டும். வாள் அவர்களுக்காக மாற்றி அமைக்கப்படவில்லை. இட முழங்கை நேராய் இருந்தால் வாளின் சுழற்சியைத் தோள் தாங்கும். தகடு இயங்கும் தளத்துக்குச் சற்றே இடப்புறம் உடல் நின்றால், வாள் எழுந்தாலும் முகத்தைத் தவிர்த்து வலத்தோளுக்கு மேலே செல்லும். தோளுயரத்துக்கு மேல் வாளைத் தூக்குவதும், ஏணியில் நின்று அறுப்பதும் இக்கணக்குகள் அனைத்தையும் அழித்துவிடும். ஏணிமேல் நிற்பவர்க்குப் பின்வாங்க நிலம் இல்லை.

உதைப்பைவிடச் சிறிய இரு விசைகளும் உள்ளன. அடிப்புறத்தால் அறுத்தால் வாள் மரத்தை நோக்கி இழுபடும். வாளுடலின் முகப்பிலுள்ள முட்கள் மரத்தில் ஊன்றியிருந்தால் அது நன்மையே. மேற்புறத்தால், கீழிருந்து மேலாக அறுத்தால் வாள் நம்மை நோக்கித் தள்ளும். அப்போது தொடையால் அணைகொடுத்து நிற்க வேண்டும்.

மரத்தின் இயல்பை அறியாதவர்க்கு வாளின் இயல்பை அறிந்தும் பயனில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்து கிடந்தன. சாய்ந்த மரம் ஓய்ந்த மரம் அன்று. அதன் நாரெங்கும் இழுவிசையும் அமுக்கவிசையும் தேங்கி நிற்கின்றன. இரு முனைகளும் மேட்டில் தங்கி நடுவே தொங்கும் தண்டில் மேற்பக்கம் அமுங்கியும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டுவாய் மூடி வாளைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, எஞ்சியதைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நீண்டிருந்தால் இம்முறை தலைகீழாகும். எப்பக்கம் அமுங்கியுள்ளதோ அப்பக்கமே முதல் வெட்டு.

வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியில், வேர்த்தட்டின் பின்னே எவரும் நிற்கலாகாது. தண்டை அறுத்து விடுவித்ததும் மண்ணோடு கூடிய வேர்த்தட்டு தன் குழிக்கே திரும்பி விழக்கூடும். பல டன் கனம். சீமைக்கருவேலப் புதரில் மரத்தின் கீழ் வளைந்து அழுந்திய கிளை, வெட்டிய கணத்தில் விடுபட்டு முகத்தில் அறையும். அதனை ஒரே வெட்டில் துண்டிக்காமல், வளைவின் உட்புறத்தில் சிறு சிறு வெட்டுகளாகக் கீறி விசையைத் தணிக்க வேண்டும்.

தென்னையும் பனையும் தனிவகை. அவற்றுக்கு ஆண்டு வளையம் இல்லை. புறத்தே வலிய நார்க்கற்றைகள், அகத்தே மென்மையான சோறு. வேம்பை அறுக்கும்போது உள்ளே செல்லச் செல்ல வன்மை கூடும். தென்னையில் வன்மை குறையும். புறவட்டத்தைக் கடந்ததும் வாள் திடீரென விரைந்து இறங்குவதைப் பழகாதவர் எதிர்பாரார். பனைக்குடும்ப நார்களை ஒட்டி மணற்சத்தான சிலிக்கா நுண்மணிகள் இருப்பதால் பல்லும் விரைவில் மழுங்கும். நீண்ட நார்கள் பற்சக்கர மூடிக்குள் அடைந்து எண்ணெய் வழியையும் தூர்த்துவிடும். சில துண்டுகளுக்கு ஒருமுறை மின்தொடர்பை நீக்கி மூடியைக் கழற்றித் துடைத்தல் தென்னை அறுப்போர்க்கு இன்றியமையாதது. சாலையோர மரங்களிலோ விளம்பரப் பலகை அறைந்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். பழைய கொடிக்கம்பி மரத்தோடு வளர்ந்திருக்கும். ஓர் ஆணி முழுச்சங்கிலியையும் கெடுக்கும்.

எண்ணெய் குறித்துச் சுருக்கமாகச் சொல்வேன். சங்கிலி எண்ணெய் பசைத்தன்மை உடையது. வேகத்தில் சிதறாமல் ஒட்டிநிற்கும். வண்டியில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றுவது நம்மிடையே பரவலான வழக்கம். அதிலுள்ள உலோகத்துகள் வாளின் எண்ணெய் எக்கியை அடைக்கும். அதன் நச்சு, தோலிலும் மண்ணிலும் படியும். சங்கிலியின் இறுக்கத்தைத் தகட்டின் நடுவில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுக்கண்ணிகள் பள்ளத்தைவிட்டு முற்றும் வெளிவராமல், விட்டதும் மீண்டும் படிந்தால் சரி. 60 பாகை வெப்பம் கூடினால் ஒரு மீட்டர் எஃகுச்சங்கிலி ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் நீளும். சூட்டில் இறுக்கியதை வேலை முடிந்ததும் தளர்த்தாவிட்டால் குளிரும்போது தாங்கியை நெருக்கும்.

உடைக்கு வருவோம். வேட்டி, லுங்கி, தோள்துண்டு, அவிழ்ந்த கூந்தல், தாவணி ஆகியவற்றுள் எதுவும் இவ்வேலைக்கு ஆகாது. தொங்கும் துணியைச் சங்கிலி தன்னோடு ஆளையும் சேர்த்து இழுக்கும். முரட்டுக் காற்சட்டை, விரல்முனையில் எஃகு பதித்த காலணி, கண்ணாடி, கையுறை, தலைக்கவசம் ஆகியவை வேண்டும். ஓசை குறைந்த மின்வாளும் வெட்டும்போது 85 டெசிபெல்லைக் கடப்பதால் செவிக்காப்பும் வேண்டும். வேலை நடக்கும்போது பத்து மீட்டருக்குள் குழந்தைகளும் வேடிக்கை பார்ப்போரும் நிற்கலாகாது. மரத்தையே வீழ்த்துவதாயின் அதன் உயரத்தைப்போல் இருமடங்குக்கு மேல் விலக வேண்டும். நின்ற மரத்தை வீழ்த்துவது தனிக்கலை. அதனைக் கட்டுரை படித்துக் கற்க முனைய வேண்டா. கிளை கழிப்பதோடும் கிடந்த மரத்தைத் துண்டாக்குவதோடும் வீட்டுப் பயனர் நிற்க வேண்டும். மின்கம்பி தொட்டுக் கிடக்கும் கிளையை, மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதாக நேரில் உறுதி சொல்லும்வரை, எவ்வாளாலும் தொடலாகாது. அருகிலுள்ள வீடு இருண்டிருப்பது கம்பியில் மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இங்கே கூறியவற்றுள் பல, வாளுடன் வரும் கையேட்டில் அச்சிட்டவையே. நம் கடைகளில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் அக்கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. கிளை கழிக்கும் தொழிலாளியின் கைக்கு அது வந்து சேர்வதும் அரிது. வாளை இறக்குமதி செய்வோரும் விற்போரும் தெளிந்த தமிழில், படங்களோடு கையேட்டை அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வாங்குவோரும் தடைப்பொறியை இயக்கிக் காட்டச் சொல்லி, கண்ணாடியும் கையுறையும் செவிக்காப்பும் சேர்த்து வாங்கிய பின்னரே கடையைவிட்டு வெளியேற வேண்டும்.